செயலாளர் ஊருக்குப் போகிறார், சாவி யாரிடம்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 14 தெருக்கள் சேர்ந்த குடியிருப்போர் நலச் சங்கம் எங்களுடையது. பதினோரு ஆண்டுகளாக ஒரே செயலாளர். நல்ல மனிதர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் குழு, சங்கத்தின் ஜிமெயில், கண்காணிப்பு கேமராவின் பாஸ்வேர்டு, பூங்கா மோட்டார் அறைச் சாவி, கவுன்சிலரிடம் பேசுவது எல்லாம் அவர் ஒருவர்தான். மார்ச் மாதம் மகளோடு வசிக்கப் பெங்களூரு போகிறார். இளைஞர்கள் சிலர், "இனித் தலைவர், செயலாளர் யாரும் வேண்டாம், ஒரே பேரேட்டின் நகலைப் பல கணினிகளில் வைக்கும் பிளாக்செயின் செயலியில் வாக்கெடுத்து நடத்தலாம்" என்கிறார்கள். மூத்தவர்கள், "தெருவுக்கு ஒரு சங்கமாகப் பிரிந்துகொள்வோம்" என்கிறார்கள். வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபை வந்துவிட்டதால் சங்கமே தேவையில்லை என்கிறார் ஒருவர். எல்லாருமே அதிகாரப் பரவலாக்கம் என்றுதான் பேசுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூன்று யோசனைகளையும் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் செயலாளரிடம் இருப்பதாக வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்களே, அந்தப் பட்டியல்தான் தொடக்கம். அதில் பணம் இருக்கிறது, சாவி இருக்கிறது, தகவல் இருக்கிறது, முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. இவை நான்கும் ஒரே மாதிரிப் பகிரக்கூடியவை அல்ல. தகவல் எல்லாரிடமும் இருக்கலாம். சாவி மூன்று பேரிடம் இருந்தால் போதும். பணத்துக்கு இருவர் கை வேண்டும். முடிவு, அது யாரைப் பாதிக்கிறதோ அவர்களிடம் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "எல்லாவற்றையும் பரவலாக்குவோம்" என்று இறங்கும் சங்கங்கள், ஆறே மாதத்தில் யாரோ ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும்.

அவசரமானது எது என்று கேட்டால், ஜிமெயில் என்பேன். சங்கத்தின் மின்னஞ்சல் பெரும்பாலும் செயலாளரின் சொந்தக் கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி அந்த எண்ணுக்கே போகும். பெங்களூரு போனபின் அவர் இந்த எண்ணை விட்டுவிட்டார் என்று வையுங்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் சங்கத்தின் திறவுகோல் முகம் தெரியாத ஒருவரின் சட்டைப்பைக்குப் போய்விடும். ஆகவே சங்கத்துக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி, பழைய கைபேசி ஒன்றில் போட்டுப் பொருளாளரிடம் வையுங்கள். ரீசார்ஜ் செய்வதைச் சங்கச் செலவில் எழுதுங்கள். மீட்பு எண்ணை அதற்கு மாற்றுங்கள். கூகுள் கணக்கில், கைபேசி கையில் இல்லாதபோதும் உள்நுழைய உதவும் பத்துக் காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அவற்றை அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டி, வெவ்வேறு தெருவில் உள்ள இருவரிடம் கொடுங்கள். கேமரா பாஸ்வேர்டும் அதே உறையில் போகட்டும்.

வாட்ஸ்அப்பில் இன்றே மூன்று பேரை அட்மின் ஆக்குங்கள். ஒரே அட்மின் வெளியேறினால், செயலி தானாகவே குழுவில் யாரோ ஒருவரை அட்மின் ஆக்கிவிடும். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவருக்கு அந்தப் பதவி வந்து சேரும் சாத்தியத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஏன் மூன்று பேர்? இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பால் பாரன் என்ற பொறியாளர், அணுகுண்டு விழுந்தாலும் செய்தி போய்ச்சேரும் வலைப்பின்னலை எப்படி அமைப்பது என்று ஆராய்ந்தார். 1964இல் வெளியான அவருடைய அறிக்கைகளில் மூன்று படங்கள் உண்டு. முதலாவதில் எல்லாக் கோடுகளும் ஒரே மையத்துக்குப் போகும். இரண்டாவதில் பல சிறு மையங்கள் இருக்கும். மூன்றாவதில் மையமே இல்லாமல், வலைபோல ஒவ்வொரு முனையும் அக்கம்பக்கத்து முனைகளோடு பிணைந்திருக்கும். குறைந்தபட்சம் தேவைப்படும் இணைப்புகளைப் போல மூன்று நான்கு மடங்கு இருந்தாலே, பாதிக்கு மேல் அழிந்தாலும் மீதி முனைகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பது அவர் கண்டது. எல்லாரையும் எல்லாரோடும் பிணைக்க வேண்டியதில்லை. மோட்டார் அறைக்கும் பதினான்கு சாவி வேண்டாம். பதினான்கு பேரிடம் சாவி இருந்தால், தொலைந்தது யாருடையது என்றுகூடத் தெரியாது.

வங்கியில், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று மாற்றக் கேளுங்கள். பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலும் புதிய பொறுப்பாளர்களின் ஆவணங்களும் கேட்பார்கள்; இதற்குச் சில வாரம் ஆகலாம் என்பதால் பிப்ரவரிக்கு முன்பே தொடங்குங்கள். இருவர் கையெழுத்துக் கணக்கிலிருந்து யுபிஐயில் பணம் அனுப்புவது பொதுவாக முடியாது. காசோலை எழுத வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருந்தால், செயற்குழு மாறியதைப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். பல சங்கங்கள் இதை மறந்துவிட்டு, வங்கி கேட்கும் நாளில்தான் ஓடுகின்றன.

இனி இளைஞர்களின் பிளாக்செயின். ஒருவரையொருவர் அறியாத, நம்பாத, வெவ்வேறு நாட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர், நடுவில் வங்கி இல்லாமல் ஒரே பேரேட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிக்கலுக்குத்தான் 2009இல் பிளாக்செயினில் இயங்கும் இணையப் பணமான பிட்காயின் ஓடத் தொடங்கியது. உங்கள் சிக்கல் அதற்கு நேர் எதிரானது: ஒருவரை அளவுக்கு மீறி நம்பி, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். பேரேடு எத்தனை கணினியில் இருந்தாலும், பராமரிப்புச் சந்தாவை வசூலிக்க ஒருவர் கதவைத் தட்டத்தான் வேண்டும். அந்தச் செயலியை எழுதி ஓட்டத் தெரிந்த ஓர் இளைஞர்தான் அடுத்த செயலாளர், பெயர் மட்டும் வேறு. அவருக்கும் ஒருநாள் வெளிநாட்டு வேலை கிடைக்கும். பிட்காயினிலேயே இன்று புதிய பக்கங்களை எழுதும் வேலையில் பெரும்பங்கு பலரின் கணினிகளைச் சேர்த்து ஓட்டும் ஒருசில சுரங்கக் கூட்டமைப்புகளிடம் (மைனிங் பூல்) குவிந்திருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இருந்தாலும் அவர்களுடைய கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணிநேரம் முடங்கின. பராமரிப்பின்போது நேர்ந்த ஒரு தவறு, நிறுவனத்தின் தரவு மையங்களை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டது. பழுது பார்ப்பதற்கான கருவிகளும் அதே வலைப்பின்னலை நம்பியிருந்ததால், சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டவர்கள்போல நின்றார்கள். ஒரே நிறுவனத்தின் செயலியை நம்புவது ஆபத்துதான். ஆனால் மாற்றாகச் சொல்லப்படுபவையும் இங்கே நிம்மதியாக இல்லை. புளூடூத் வழியாக இணையமின்றியே செய்தி கடத்தும் பிரையர், யாரும் தன் சொந்தச் சர்வரில் ஓட்டக்கூடிய எலிமென்ட் உள்ளிட்ட 14 செயலிகளை 2023இல் ஒன்றிய அரசு தடை செய்தது. எந்தச் செயலியானாலும் சரி, உறுப்பினர் பட்டியலைக் காகிதத்தில் வைத்திருங்கள்.

காகிதம் என்றதும் சிரிக்கிறவர்களுக்கு டிசம்பரை நினைவூட்டுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, வாட்ஸ்அப் குழு இருந்தும் பயனில்லை. 2015இல் படகோடு வந்த மீனவர்கள் எந்த மையத்தின் உத்தரவுக்காகவும் காத்திருக்கவில்லை. கடலோரக் குப்பங்களில் ஒவ்வோர் ஊருக்கும் தன் பஞ்சாயத்து உண்டு. அங்கே கூடி முடிவெடுத்துப் பழகியவர்கள் அவர்கள். உங்கள் தெருவிலும் தேவை அதுதான்: யார் வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர், யார் வீட்டில் ஆக்சிஜன் கருவி, எந்த வீட்டு மாடியில் பத்துப் பேர் தங்கலாம் என்று தெரிந்த இருவர், தெருவுக்குத் தெரு. இருவரில் ஒருவர் பகலில் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். அவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். ஆனால் சங்கக் கூட்டத்துக்கு அவருடைய கணவர் வருவார். இதை மாற்றாமல் எதைப் பரவலாக்கியும் பயனில்லை. வாடகைக்குக் குடியிருப்போரை உறுப்பினராகச் சேர்க்காத சங்கமானால் அந்த விதியையும் திருத்துங்கள். வெள்ளம் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை.

அப்படியானால் மூத்தவர்கள் சொல்வதுபோலத் தெருவுக்கு ஒரு சங்கமாகவே பிரிந்துவிடலாமா? கூடாது. மழைநீர் ஒரு தெருவில் விழுந்து இன்னொரு தெரு வழியாக ஓடுகிறது. பதினான்கு சங்கங்கள் ஆளுக்கொரு மோட்டார் வாடகைக்கு எடுத்துத் தத்தம் தெருத் தண்ணீரை அடுத்த தெருவுக்கு இறைக்கும் காட்சியைச் சென்னை பார்க்காமல் இல்லை. ஒரு தெருவோடு முடிகிற விஷயம் தெருவிடம் போகட்டும்: கோலப்போட்டி, வேகத்தடை கேட்கும் மனு, குப்பை வண்டி நிற்கும் இடம், விளக்குக் கம்பத்தின் பழுது. தெருவைத் தாண்டி ஓடுகிற விஷயம் சங்கத்திடம் இருக்கட்டும்: வடிகால், பூங்கா, கேமரா, கவுன்சிலரோடு பேச்சு.

தெருவிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது பணத்தையும் கொடுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மாதம் இவ்வளவு ரூபாய் வரை யாரையும் கேட்காமல் தெருப் பொறுப்பாளர்கள் செலவழிக்கலாம், மாதக் கடைசியில் ரசீது தர வேண்டும் என்று ஒரு வரம்பை நிர்ணயம் செய்யுங்கள். ஐந்நூறா, இரண்டாயிரமா என்பது உங்கள் சங்கத்தின் வசதி. காசில்லாத பொறுப்பு வெறும் எடுபிடி வேலை. இரண்டாவது மாதமே ஆள் விலகிவிடுவார்.

அரசமைப்பே இந்தக் குறையோடு நடக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் 18 துறைகளைப் பட்டியலிட்டு, இவற்றை நகராட்சிகளிடம் கொடுக்கலாம் என்றது. சென்னையிலோ குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்திடம், நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதில் கலக்கும் கழிவுநீர் வாரியத்துடையது. இருவருக்கும் நடுவே நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வடிகால் அடைப்புக்கு 1913, கழிவுநீருக்கு 1916 என்று புகார் எண்களும் தனித்தனிதான்.

மடிப்பாக்கத்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வரலாறு உண்டு. 2011 வரை உங்கள் ஊர் தனி ஊராட்சி. கிராம சபை கூடும், எந்த வாக்காளரும் எழுந்து ஊராட்சித் தலைவரைக் கேள்வி கேட்கலாம். அந்த ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது இணைக்கப்பட்ட 42 உள்ளாட்சி அமைப்புகளில் உங்களுடையதும் ஒன்று. இணைந்ததும் கிராம சபை போனது. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாமல் அதிகாரிகள் நிர்வாகம் நடந்தது. நகரமாவதற்கு நீங்கள் கொடுத்த விலை இது. வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் பல நகரங்களில் சபைகள் கூடின.

ஏரியா சபையால் சங்கம் தேவையற்றதாகிவிடாது. சபைக்குத் தயாராவதே சங்கத்தின் வேலையாகிறது. வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலர். ஏரியாவின் பிரதிநிதி தேர்தலில் வருபவர் அல்லர், நியமிக்கப்படுபவர். அதனால் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை நீங்கள்தான் கூட்டத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தெருவும் ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில், புகைப்படத்தோடு, முன்பு கொடுத்த புகார் எண்ணோடு கொண்டு போகட்டும். அது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்து நகல் கேளுங்கள். செயலாளர் ஒருவராகப் போய்க் கவுன்சிலரிடம் தனியாகப் பேசிவந்த காலத்தில் இந்தக் குறிப்பு எதுவும் இருந்திருக்காது. அவர் போனதும் அந்த உறவும் பெங்களூரு போய்விடும்.

"தலைவரே வேண்டாம்" என்பது பற்றி ஒரு சொல். பதவியை ஒழித்தால் அதிகாரம் ஒழிவதில்லை. பெயரில்லாமல் போகிறது, அவ்வளவுதான். நேரம் அதிகம் உள்ளவர், குரல் உயர்ந்தவர், இரவு பதினொரு மணிக்கும் குழுவில் பதில் போடுபவர் தலைவராகிவிடுவார். அவரை நீக்க எந்த விதியும் இருக்காது. பதவி இருக்கட்டும், காலவரையறை இருக்கட்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகப் பேசுகிறோமே, பத்தாம் நூற்றாண்டில் பராந்தகச் சோழன் காலத்தது. குடவோலையை எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம் என்பதைப் பலர் சொல்வதில்லை. எடுத்துக்கொள்ளத் தக்கவை அதன் தகுதியிழப்பு விதிகள்: வாரியத்தில், அதாவது சபையின் செயற்குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது, அண்மையில் வாரியத்தில் இருந்தவர், மூன்று ஆண்டு இடைவெளி விடாமல் மீண்டும் வர முடியாது. இந்த இரண்டையும் உங்கள் துணை விதிகளில் சேர்க்கலாம். பதினோரு ஆண்டு நேர்மையாக உழைத்த மனிதரை அவமதிப்பதாக யாராவது சொன்னால், அவரையே அந்தத் தீர்மானத்தை முன்மொழியச் சொல்லுங்கள்.

வரிசை இதுதான். இந்த வாரம் அட்மின்களும் மின்னஞ்சலும். அடுத்த மாதம் பொதுக்குழு, அதில் வங்கித் தீர்மானமும் தெருப் பொறுப்பாளர்களும். பிறகு பிப்ரவரியில் ஒரு வாரம், செயலாளர் இன்னும் ஊரில் இருக்கும்போதே, அவர் சங்க வேலை எதையும் தொடாமல் இருக்கட்டும். யார் அழைத்தாலும் "பொருளாளரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லட்டும். தண்ணீர் லாரிக்காரர் யாரைக் கூப்பிடுகிறார், பூங்கா விளக்கை யார் போடுகிறார், எந்தப் பில் கட்டப்படாமல் நிற்கிறது என்று ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அந்த நோட்டோடு ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய், குறித்திருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.