22 வருஷமா வெல்டிங் பண்றேன், என்ன வேணா கேளுங்க

கையில வேலை இருக்கு, பதில் முன்னபின்ன வரும், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, சின்ன வயசுல பட்ட கஷ்டம்தான் உங்கள மேல தூக்கிவிட்டுச்சா?

பதில்: இல்லப்பா. அப்பா கிடையாது, ராத்திரி இருக்கிறத நானும் தங்கச்சியும் பாதி பாதி, 13 வயசுல பட்டறை கூட்டிப் பெருக்கப் போயிட்டேன். பசி எனக்கு ஒரு மண்ணும் கத்துக்குடுக்கல, கத்துக்குடுத்தது மேஸ்திரி. நான் என்ன பண்ணுவேன்னா ராடை, அதாவது உருகி ஒட்டுற வெல்டிங் குச்சிய, அத புடிக்கிற ஹோல்டர் சுடுற வரைக்கும் விடாம எரிப்பேன், மத்தவங்க தூக்கிப்போட்ட மிச்சத் துண்டையும் பொறுக்கி ஒரு டப்பால சேத்து வெச்சிருந்தேன், இல்லாத வீட்டு புத்தி. ஒருநாள் டப்பாவ பாத்துட்டாரு, அறை விழும்னு நின்னேன், அவரு ஒண்ணும் பேசாம நான் போட்ட ஜாயிண்ட்ட கிரைண்டர்ல அறுத்துக் காட்டுனாரு, ராடு முடியுற இடமெல்லாம் பொத்தல். ராடு குட்டையாக ஆக சூடேறி மேல்பூச்சு கெட்டுடும், அப்புறம் உருகுற இரும்புல காத்து பூந்துடும். "ரெண்டு இஞ்ச் இருக்கும்போதே தூக்கிப்போடு, நீ பட்டினி கிடந்தா ஜாயிண்ட்டும் கிடக்கணுமா"ன்னாரு.

கேள்வி: இதுதான் நம்ம வேலைன்னு எப்ப தோணுச்சு?

பதில்: 6ஜி டெஸ்ட்ல, அது பைப் வெல்டிங் பரீட்சை. பைப்ப 45 டிகிரி சாய்ச்சு கட்டிடுவாங்க, அத திருப்பக் கூடாது, நாமதான் சுத்தி வரணும், கீழ இருந்து மேல பாத்துக்கூட அடிக்கணும். முதல் தடவை எக்ஸ்ரே ஃபிலிம்ல கருப்பு புள்ளி, அதாவது உள்ள காத்து ஓட்டை, ஃபெயில். ரெண்டாவது தடவை ஃபிலிம் சுத்தமா வந்துச்சு. எங்க போனாலும் அப்பா என்ன பண்றாருன்னுதான் முதல்ல கேப்பாங்க, அந்த ரூம்ல யாரும் கேக்கல, ஃபிலிம மட்டும்தான் பாத்தாங்க. வெளிய வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

கேள்வி: தம்பிக்கு 14, படிப்பு ஏறல, பட்டறைல விடலாமா அண்ணா?

பதில்: வேணாம்மா. ஆபத்தான வேலைக்கு 18 ஆகணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1973லயே சொல்லிடுச்சு. அந்த வயசுல துத்தநாகம் பூசுன பைப்ப மூடின ரூம்ல பத்தவெச்சு, சாயங்காலம் குளிர் ஜுரத்துல நடுங்கியிருக்கேன், அது அந்தப் புகையாலன்னே யாருக்கும் தெரியல. இப்ப ஸ்கூல், பட்டறை அப்புறம்.

கேள்வி: ராத்திரி கண்ணுல மண்ண போட்ட மாதிரி உறுத்துது?

பதில்: கண்ணாடி இல்லாம ஆர்க்க, அதாவது வெல்டிங் தீப்பொறி வெளிச்சத்த பாத்திருப்பீங்க, அந்த வெளிச்சம் கருவிழிய சுட்டுடும், பல மணி நேரம் கழிச்சுதான் தெரியும். தேய்க்காதீங்க, பார்வை மங்குனா உடனே டாக்டர்ட்ட போங்க. சாதாரண ஆர்க் வேலைக்கு 10, 11 நம்பர் கருப்பு வெல்டிங் கண்ணாடி.

கேள்வி: எனக்கு 34, ரெண்டு குழந்தைங்க, இனிமே கத்துக்க முடியுமா?

பதில்: முடியும்க்கா. முதல் ரெண்டு வாரம் எதையும் ஒட்டாதீங்க, தட்டையான பிளேட்ல கோடு மட்டும் இழுங்க, மேல படியுற ஸ்லாக்க, அதாவது கருப்பு ஓட்ட தட்டி எடுத்துட்டு கோட்டோட அகலம் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ராடு காலியாகுதேன்னு மட்டும் யோசிக்காதீங்க.