பணக்காரன் கதையைப் படித்து எந்த வேலைக்குப் போவது?

அன்புள்ள அம்மாவுக்கு,

இளங்கலை ஆங்கிலம் படிக்கும் உங்கள் மகள், அமெரிக்க இலக்கியத் தாளுக்காக ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யும் கையுமாகவே இருப்பதாகவும், ஊரைக் கூட்டி விருந்து வைக்கும் ஒரு பணக்காரனின் கதை எந்த வேலைக்கு உதவும் என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நாவலில் விருந்துகள் மேற்பூச்சு மட்டுமே.

1925இல் வெளிவந்த நூல் அது. கதை 1922ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நடக்கிறது. மதுவிலக்குக் காலத்தில் சட்டத்தை மீறிச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கைவிட்டுப்போன காதலி டெய்சியின் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கிக் காத்திருக்கிறான் கேட்ஸ்பி. அவன் இறந்த பிறகு, கடைசி அத்தியாயத்தில், அவனுடைய தந்தை ஒரு பழைய புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். 1906இல், சிறுவனாக இருந்த கேட்ஸ்பி தன் கையால் எழுதிய கால அட்டவணை அது: காலை 6 மணிக்கு எழுவது, 7.15 முதல் 8.15 வரை மின்சாரம் முதலியவற்றைப் படிப்பது, மாலை 5 முதல் 6 வரை பேச்சுப் பயிற்சி. கூடவே பெற்றோரிடம் இன்னும் நல்லபடி நடந்துகொள்ளும் தீர்மானம். பொதுத்தேர்வுப் பிள்ளைகளின் அட்டவணைகளையே பார்த்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு, நூலிலேயே கனமான பக்கம் அதுதான். அவ்வளவு முனைந்தும் பரம்பரைச் செல்வர்கள் அவனைத் தம்மில் ஒருவனாக ஏற்கவில்லை.

இதை உங்கள் மகள் எப்படிப் படிக்கிறாள் என்பதில்தான் வேலைவாய்ப்பும் அடங்கியிருக்கிறது. கதை முழுவதையும் சொல்பவன் டெய்சியின் உறவினனான நிக். தன்னை நேர்மையானவன் என்று தானே சொல்லிக்கொள்பவன். ஐந்தாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி தன் விலையுயர்ந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசிக் குவிக்க, இவ்வளவு அழகான சட்டைகளைப் பார்த்ததே இல்லை என்று டெய்சி அவற்றில் முகம் புதைத்து அழுகிறாள். சட்டைகளுக்காகவா, இழந்த ஐந்து ஆண்டுகளுக்காகவா என்பதை நிக் விளக்குவதில்லை. கைடைப் பார்த்து ‘பொருளாசை’ என்று ஒரே சொல்லில் முடிப்பவளுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம்; முன்பின் பக்கங்களிலிருந்து சான்று காட்டித் தன் முடிவை நிறுவுபவளுக்கே பதிப்பகத்திலும் செய்தித்துறையிலும் சட்டப்படிப்பிலும் இடமுண்டு.

பட்டம் மட்டுமே வேலை வாங்கித் தந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளி ஆசிரியப் பணிக்கு பி.எட்.டும் உரிய தகுதித் தேர்வும், கல்லூரிப் பணிக்கு முதுகலையும் நெட், செட் போன்ற தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும். சட்டம் என்றால் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு. எதுவாயினும், தெளிவாக எழுதத் தெரியாதவளுக்கு அவள் படித்த ஆங்கிலம் அதிகம் உதவாது.

ஒன்பதே அத்தியாயங்கள் கொண்ட சிறிய நூல் அது. கைடை எடுத்து வைத்துவிட்டு முழுவதையும் ஒருமுறை படிக்கட்டும். பிறகு, நிக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவளுக்கு எந்தத் துறை பொருந்தும் என்பதை மதிப்பெண் பட்டியலைவிட அதைக் கொண்டு என்னால் தெளிவாகச் சொல்ல முடியும்.