12,000 குண்டும் ஆணி அடிச்ச கட்டையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ராணுவ பலம் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், இந்தத் தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி அணுகுண்டுதான். ஒண்ணொண்ணா பாத்துடுவோம்.

கேள்வி: அணுகுண்டு வச்சிருக்கற நாடுகள்ல யாரு ஃபர்ஸ்ட், இந்தியா எத்தனாவது? ஒரே வரிசையா போட்டுக் குடுங்க சார்.

பதில்: போட்டுத் தர்றேன், ஆனா இதை வச்சு யார்கூடயும் பந்தயம் கட்டிடாதீங்க. ஸ்டாக்ஹோம்ல இருக்கற சிப்ரிங்கற அமைதி ஆய்வு நிறுவனம் 2025 ஆரம்பத்துக்குப் போட்ட கணக்குப்படி ரஷ்யா 5,459, அமெரிக்கா 5,177, சீனா 600, பிரான்ஸ் 290, பிரிட்டன் 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வட கொரியா 50. ஆக மொத்தம் 12,000 சொச்சம். 1986 வாக்குல இது 70,000 கிட்ட இருந்துச்சு, அதைப் பாத்தா இப்ப எவ்வளவோ தேவலை.

இப்ப இதுல இருக்கற வில்லங்கத்தைச் சொல்றேன். முதல்ல, இதெல்லாம் மதிப்பீடுதான், எந்த நாடும் குடோனைத் திறந்து எண்ணிக்கோன்னு காட்டுறதில்ல. ரெண்டாவது, மேல இருக்கற ரெண்டு பேர் கணக்குலயும் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல பழைய குண்டு, உடைக்கறதுக்காக ஓரங்கட்டி வச்சது, அதையும் சேத்துதான் எண்ணியிருக்கு. மூணாவதுதான் முக்கியம், குண்டோட எண்ணிக்கையோ சைஸோ பலம் ஆகாது. 1961-ல சோவியத் ஒரு குண்டு வெடிச்சாங்களே, ஜார் பாம்பானு பேரு, வெடிக்கற சக்தி 50 மெகா டன், அதாவது ஹிரோஷிமா மாதிரி மூவாயிரம் குண்டு. எடை 27 டன், விமானத்தோட வயித்துக் கதவையே கழட்டிட்டுதான் அதைத் தொங்கவிட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. நிஜப் போர்ல அவ்வளவு பெரிய சுமையோட மெதுவா ஊர்ந்து வர்ற விமானத்தை எவன் விடுவான், நடுவழியிலயே சுட்டுடுவான். உலகத்துலயே பெரிய குண்டு, ஆனா ஆயுதமா சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை, அதுக்கப்புறம் அந்த சைஸ்ல யாரும் செய்யவும் இல்லை.

கேள்வி: வெறும் 225 குண்டை வச்சுக்கிட்டு பிரிட்டன் எப்படி ரஷ்யா முன்னாடி தைரியமா நிக்குது?

பதில்: ஏன்னா எதிரி நம்மள முதல்ல அடிச்சு தரைமட்டம் ஆக்கினதுக்கு அப்புறமும் திருப்பி அடிக்க நம்மகிட்ட ஏதாவது மிச்சம் இருக்குமாங்கறதுதான் அணு ஆயுதத்துல ஒரே கேள்வி. தரையில இருக்கற ஏவுகணைக் கிணறு எங்க இருக்குன்னு சேட்டிலைட்ல எல்லாருக்கும் தெரியும், விமானதளமும் தெரியும், கடலுக்கு அடியில இருக்கற நீர்மூழ்கி மட்டும்தான் தெரியாது. பிரிட்டன்கிட்ட வான்கார்ட் ரகத்துல 4 நீர்மூழ்கி இருக்கு, அதுல ஒண்ணாவது எப்பவும் கடல்ல சுத்திக்கிட்டே இருக்கும், 1969-லேருந்து இந்த முறைதான் (அப்போ வேற ரகக் கப்பல்). சத்தம் போடாம, வெளியில ஒரு சிக்னல்கூட அனுப்பாம மாசக்கணக்குல கெடக்கும்.

அந்தக் கப்பலுக்குள்ள ஒரு பெட்டகம், அந்தப் பெட்டகத்துக்குள்ள இன்னொரு பெட்டகம், அதுல ஒரு லெட்டர். புதுசா யார் பிரதமரா வந்தாலும் பதவி ஏத்த கையோட தன் கைப்பட நாலு கப்பலுக்கும் நாலு லெட்டர் எழுதணும். லண்டன் அழிஞ்சு, நானும் செத்து, உத்தரவு குடுக்க ஒருத்தரும் மிச்சமில்லைன்னா நீங்க என்ன செய்யணும்னு கேப்டனுக்கு அதுல சொல்லியிருக்கும். திருப்பி அடிங்கன்னு இருக்கா, அடிக்காதீங்கன்னு இருக்கா, எழுதினவருக்கு மட்டும்தான் தெரியும். பதவி போனதும் பிரிக்காமலே அழிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா ரஷ்யாவை யோசிக்க வைக்கறது அந்த 225 இல்ல, இந்த நாலு கவர்தான்.

கேள்வி: இந்தியா 180, பாகிஸ்தான் 170. அப்ப ரெண்டு பேரும் சரிசமமா?

பதில்: குண்டுல சமம், மத்ததுல ஏணி வச்சாலும் எட்டாது. 2024-ல இந்தியா ராணுவத்துக்குச் செலவு பண்ணது 86 பில்லியன் டாலர், பாகிஸ்தான் 10 பில்லியன். அதனாலதான் அவங்க அணுகுண்டை அவ்வளவு நம்பறாங்க, சாதாரணப் போர்ல தாக்குப்பிடிக்க முடியாதுங்கறது அவங்களுக்கே தெரியும். முதல்ல பயன்படுத்த மாட்டோம்னு இந்தியா 2003-ல கொள்கையாவே அறிவிச்சிடுச்சு, பாகிஸ்தான் அப்படி ஒரு வாக்கு குடுக்கல. அது மட்டுமில்ல, நஸர்னு 60 கிலோமீட்டர்தான் போற ஒரு குட்டி ஏவுகணை வச்சிருக்காங்க, எல்லை தாண்டி வர்ற டாங்கி படை மேல போடறதுக்கு. யோசிச்சுப் பாருங்க, 60 கிலோமீட்டர்னா பாதி நேரம் அது அவங்க மண்ணுலயேதான் விழும்.

இந்தியாவுக்கும் ஓட்டை இல்லாம இல்ல. அணு ஏவுகணை தூக்கற நீர்மூழ்கி ரெண்டு, அரிஹந்த் 2016-லயும் அரிகாட் 2024-லயும் கடற்படையில சேந்தாச்சு, நல்ல விஷயம், ஆனா அரிஹந்துக்கு முதல்ல குடுத்த கே-15 ஏவுகணை 750 கிலோமீட்டர்தான் போகும், அதை வச்சு சீனாவோட பெரிய நகரங்களை அடிக்கணும்னா கப்பல் அவங்க வாசல் வரைக்கும் போய் நிக்கணும். அதுக்குதான் 3,500 கிலோமீட்டர் போற கே-4. தரையில அக்னி-5 இருக்கு, 5,000 கிலோமீட்டருக்கு மேல போகும், 2024 மார்ச்ல ஒரே ஏவுகணையில பல வார்ஹெட் (ஏவுகணை முனையில இருக்கற குண்டு) வச்சு சோதனையும் பண்ணிட்டாங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியாவும் பாகிஸ்தானும் வருஷா வருஷம் ஜனவரி 1-ம் தேதி அவங்கவங்க அணு நிலையங்களோட பட்டியலை ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்துக்குவாங்க, இதையெல்லாம் தாக்க மாட்டோம்னு ஒப்பந்தம். 1992-லேருந்து நடக்குது. கார்கில் சமயத்துலகூட இது நிக்கல.

கேள்வி: இவ்வளவு குண்டு இருந்தும் கல்வான்ல ஏன் கட்டையாலயும் கல்லாலயும் அடிச்சுக்கிட்டாங்க?

பதில்: குண்டு இருக்கறதாலதான்! கல்வான் இருக்கறது லடாக் பக்கம், இந்திய-சீன எல்லையில. அந்த எல்லைக் கோட்டுலேருந்து 2 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாதுன்னு 1996-ல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டாங்க, துப்பாக்கியில ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு ரெண்டு பேருக்கும் பயம். அதனால 2020 ஜூன்ல, உலகத்துலயே நவீன ஏவுகணை வச்சிருக்கற ரெண்டு ராணுவம், கும்மிருட்டுல, உறையற குளிர்ல, ஆணி அடிச்ச கட்டையோட மோதிக்கிச்சு. நம்ம பக்கம் 20 பேர் போயிட்டாங்க, சீனா 4 பேர்னு ஒத்துக்கிச்சு. எந்த ரேங்கிங் பட்டியல்லயும் கட்டைக்குன்னு ஒரு கட்டம் கிடையாது பாருங்க.

கேள்வி: யாராவது தெரியாம பட்டனை அமுக்கிட்டா?

பதில்: பட்டன்னு ஒண்ணு கிடையாது, கோட், உத்தரவு, ரெண்டு பேர் சேந்து சாவி திருப்பறதுன்னு ஏகப்பட்ட படி இருக்கு. எனக்கு அதைவிட பயம், மிஷின் தப்பா சொல்றதுதான். 1983 செப்டம்பர் 26, நடுராத்திரி, மாஸ்கோ பக்கத்துல ஒரு பங்கர்ல ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ்னு ஒரு அதிகாரி டியூட்டியில இருக்காரு. திடீர்னு சைரன், அமெரிக்காவுலேருந்து ஒரு ஏவுகணை கெளம்பிடுச்சுன்னு திரையில வருது, கொஞ்ச நேரத்துல இன்னும் நாலு. மனுஷன் ஒரு கையில போன், மேல சொன்னா பதிலடிக்கு ஏற்பாடு ஆரம்பிச்சிடும். அவர் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள், உலகப் போரை ஆரம்பிக்கறவன் வெறும் அஞ்சு ஏவுகணையோடவா ஆரம்பிப்பான்? தரை ராடார்லயும் ஒண்ணும் காணோம். ‘பொய் அலாரம்’னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. மேகத்து மேல பட்ட வெயிலை சேட்டிலைட் ஏவுகணை நெருப்புன்னு நெனச்சுக்கிச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அவருக்கு என்ன கெடச்சுதுங்கறீங்க, அந்த நேரத்துல டைரியில ஒழுங்கா குறிப்பு எழுதலன்னு திட்டு!

2022 மார்ச்ல இந்தியாவோட பிரமோஸ் ஏவுகணை ஒண்ணு தவறுதலா கெளம்பி பாகிஸ்தான்ல போய் விழுந்தது ஞாபகம் இருக்கா? வெடிபொருள் இல்லாததாலயும் அந்தப் பக்கம் அவசரப்படாததாலயும் தப்பிச்சோம்.

கேள்வி: செஞ்ச குண்டை யாராவது தானாவே வேணாம்னு சொன்னது உண்டா?

பதில்: உண்டு. தென்னாப்பிரிக்கா ரகசியமா 6 குண்டு செஞ்சு, பிறகு தானே பிரிச்சுப் போட்டுட்டு 1993-ல உலகத்துக்குச் சொல்லிச்சு. உக்ரைனையும் சேத்துச் சொல்வாங்க, ஆனா அங்க இருந்தது சோவியத் விட்டுட்டுப் போனது.

கேள்வி: இஸ்ரேல்கிட்ட நிஜமாவே இருக்கா, இல்ல சும்மா பில்டப்பா?

பதில்: இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டாங்க, ‘மத்திய கிழக்குல அணு ஆயுதத்தை முதல்ல கொண்டுவர்றவங்க நாங்களா இருக்க மாட்டோம்’னு பல வருஷமா அதே பாட்டுதான். 1986-ல அவங்க அணு நிலையத்துல முன்னாடி வேலை பாத்த மொர்தெக்காய் வனுனு போட்டோவோட எல்லாத்தையும் லண்டன் பத்திரிகைக்குக் குடுத்தாரு. அவரைப் பிடிச்சுட்டு வந்து 18 வருஷம் உள்ள போட்டாங்க. இருக்கான்னு தெரியாத ஒண்ணைப் பத்திப் பேசினதுக்கு 18 வருஷம்!