பழைய ஓனர் பேர்ல லைசென்ஸ், புது ஓனர் டிஜே வைக்கலாமா?

இங்கிலாந்துல ஓடிட்டிருந்த ஒரு ரெஸ்டாரண்ட்ட வாங்கி மூணு வாரமா நடத்துறீங்க, சுவத்துல மாட்டியிருக்கிற மது விக்கிற லைசென்ஸ் பழைய ஓனரோட கம்பெனி பேர்ல இருக்கு, அது கடையோட சேர்ந்து வந்துரும்னு அவர் சொல்லிட்டாரு, இப்ப சனிக்கிழமை ராத்திரி 1 மணி வரைக்கும் டிஜே வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. டிஜே இருக்கட்டும், முதல்ல அந்தக் கம்பெனி இன்னும் உயிரோட இருக்கான்னு பாருங்க. கம்பெனிகளைப் பதிவு பண்ற அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸ் சைட்ல ஃப்ரீயாவே தேடலாம்.

ஏன்னா கடைய வித்தவங்க நிறைய பேர் கையோட கம்பெனியையும் மூடிடுவாங்க. கம்பெனி கலைஞ்ச அன்னிக்கே லைசென்ஸும் போச்சு, 2003 லைசென்சிங் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அதுக்கப்புறம் 28 நாளுக்குள்ள லைசென்ஸை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன் போட்டா திரும்ப உயிர் வரும், விட்டுட்டா புதுசாத்தான் அப்ளை பண்ணணும், இடையில வித்த ஒவ்வொரு பாட்டிலும் குற்றம். தண்டனை 6 மாசம் வரைக்கும் ஜெயில், ஃபைனுக்கு உச்சவரம்பே கிடையாது.

கம்பெனி இருக்குன்னா பயம் கொஞ்சம் குறையும், ஆனா சும்மா இருக்காதீங்க. லைசென்ஸ்ல மது விற்பனைக்குப் பொறுப்பான சூப்பர்வைசர்னு ஒருத்தர் பேர் இருக்கும், அவர் பெர்சனல் லைசென்ஸ், அதாவது மது விக்க ஒரு ஆளுக்குக் கொடுக்கிற தனி லைசென்ஸ், வச்சிருக்கணும். பெரும்பாலும் அது பழைய ஓனரேதான். அவர் லைசென்ஸ் கொடுக்கிற உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதித் தன் பேரை எடுத்துட்டாருன்னா வேற ஒருத்தர் வர்ற வரைக்கும் மது விக்கக் கூடாது. அதனால டிரான்ஸ்ஃபர், சூப்பர்வைசர் மாத்துறது ரெண்டையும் ஒண்ணாப் போடுங்க, தலா 23 பவுண்டுதான். உடனே அமலுக்கு வரணும்னு ஃபார்ம்ல டிக் பண்ண மறந்துராதீங்க.

இப்ப டிஜே. உள்ளேயே குடிக்கிற மாதிரி மது லைசென்ஸ் இருக்கிற இடத்துல காலை 8 மணிலேர்ந்து ராத்திரி 11 மணி வரைக்கும், 500 பேருக்கு மேல போகாம, மது வித்துட்டிருக்கிற நேரத்துல பாட்டு போட தனி அனுமதி வேண்டாம். 11க்கு மேலன்னா லைசென்ஸ்லயே எழுதியிருக்கணும். எப்பவாவது ஒரு நாள்னா 21 பவுண்டு கட்டி டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் (தற்காலிக நிகழ்ச்சிக்கான அறிவிப்பு) கவுன்சிலுக்குக் கொடுத்தா போதும், 10 வேலை நாள் முன்னாடி கொடுங்க. வாராவாரம்னா அது சரிப்படாது, வேரியேஷன்தான், அதாவது லைசென்ஸ்ல இருக்கிறதையே மாத்தச் சொல்லி அப்ளை பண்றது, அக்கம்பக்கத்துக்காரங்க ஆட்சேபிக்க 28 நாள் டைம் உண்டு, சத்தம்னு சொல்லிக் கண்டிப்பா யாராவது வருவாங்க. 11 மணிக்கு மேல சூடா சாப்பாடு, டீ கொடுத்தாலும் லைசென்ஸ்ல அது இருக்கணும், இதைத்தான் பலரும் கோட்டை விடுறாங்க.

டிரான்ஸ்ஃபருக்குப் பழைய ஓனரோட சம்மதக் கையெழுத்து வேணும். அவருக்குத் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்து, அக்ரிமென்ட்டும் இடம் கொடுத்தா, கையெழுத்த வாங்கிட்டு அப்புறமா பணத்தைக் கொடுங்க.