காலநிலையைப் பற்றிக் கவலைப்படும் கிறிஸ்தவர் யாருக்கு வாக்களிக்க வேண்டும்?

காலநிலை மாற்றத்தை நினைத்துக் கவலைப்படும் ஒரு கிறிஸ்தவர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்சியின் பெயரை விசுவாசம் சொல்லித் தராது. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித் தரும். நான் குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரைக் கத்தோலிக்கன். எனக்குத் தெரிந்த கரையை வைத்தே பதில் சொல்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகள் பல, வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயிலை மறித்த மக்களோடு பங்குத்தந்தையரும் இருந்தார்கள். அரபிக்கடல் சூடேறி வருகிறது, அங்கே புயல்கள் முன்பைவிட வலுக்கின்றன என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். இதையெல்லாம் கடவுளின் சித்தம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. குடிமக்கள் அரசியல் அதிகாரத்தைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் சுற்றுச்சூழல் அழிவைத் தடுக்க முடியாது என்று 2015-ல் போப் பிரான்சிஸ் தமது 'லௌதாத்தோ சி' மடலில் எழுதினார். நம் கையில் வாக்கு இருப்பது அதற்காகவும்தான்.

தேர்தல் வந்தால் எங்கள் கரையில் தவறாமல் கிடைக்கும் வாக்குறுதி தூண்டில் வளைவு. லாரி லாரியாகப் பாறாங்கல் கொண்டுவந்து கடலுக்குள் நீளமாக அடுக்குவார்கள். கரையோர நீரோட்டம் சுமந்துவரும் மணல் அந்தக் கல்லில் தடைபட்டு ஒரு பக்கம் சேரும். மறுபக்கத்து ஊருக்கு மணல் வராது. அங்கே அலை வீட்டுச் சுவரைத் தொடும். பிறகு அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீடு கடலுக்குள் போகும்போது வேறென்ன கேட்பார்கள்? ஆனால் உனக்கு அடுத்திருப்பவரை அன்பு செய் என்று ஞாயிறுதோறும் கேட்கிற நாம், "இங்கே கல் போட்டால் அடுத்த ஊருக்கு என்ன ஆகும், கடற்கரை முழுவதற்குமான ஆய்வு எங்கே?" என்று வேட்பாளரிடம் கேட்டாக வேண்டும். என் வாக்கில் விசுவாசம் இருக்கிறதா என்பதை நான் அளப்பது இந்த இடத்தில்தான்.

நாடாளுமன்றத் தேர்தல் என்றால் கேள்வி இன்னும் விரியும். 2019-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அதில் உங்கள் நிலை என்ன? 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளிவிடும் வெப்பவாயுக்களுக்கு ஈடாக அவற்றை உறிஞ்சி நீக்கும் நிலை) என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்ததே, அதுவரை நிலக்கரியை எப்படிக் குறைப்பீர்கள், சுரங்கத் தொழிலாளிக்கு என்ன வழி?

"முதலில் நம் ஆலயங்களுக்குப் பாதுகாப்பு, காலநிலை அப்புறம்" என்பவர்கள் எங்கள் அன்பியத்திலேயே, அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவிலேயே, இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பாதுகாப்பு தருகிறேன் என்ற ஒரு சொல்லுக்காக வேறெதையும் கேட்காமல் வாக்களித்தால், அந்த வேட்பாளர் நம் கரையைப் பற்றி எதற்காக யோசிக்கப் போகிறார்?

மறையுரையில் சாமியார் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் எளிது என்று நினைக்காதீர்கள். மதத்தின் பெயரால் வாக்குச் சேகரிப்பதைத் தேர்தல் முறைகேடாகவே சட்டம் பார்க்கிறது; வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரியென்றே நினைக்கிறேன்.

எல்லோருமே மழுப்பினால் என்ன செய்வது? நான் நோட்டாவுக்குப் போடுவதில்லை. குறைவாக மழுப்பியவருக்கு வாக்களித்துவிட்டு, அதே கேள்விகளை மனுவாக எழுதி, வென்றவரிடம் ஊரார் கையெழுத்தோடு கொடுக்கிறேன்.