ஒமேகாவில் லேன் தவறுவது ஏன்?

எட்டே ரேடியோ நிலையங்களால் உலகம் முழுக்க இடம் காட்டிய வழிகாட்டு முறையான ஒமேகா, சில நேரம் கப்பலைப் பல மைல் தள்ளிக் காட்டியது ஏன் என்பது கேள்வி.

ஒமேகா கருவி அளந்தது, இரு நிலையங்களிலிருந்து வரும் 10.2 கிலோஹெர்ட்ஸ் அலைகளின் கட்ட வேறுபாட்டை, அதாவது ஓர் அலையின் ஏற்ற இறக்கம் மற்றதைவிட எவ்வளவு முன்பின் இருக்கிறது என்பதை. அலைநீளம் சுமார் 29.4 கி.மீ. நிலையங்களை இணைக்கும் கோட்டில் அதில் பாதி, அதாவது 14.7 கி.மீ. நகர்ந்தால் அதே அளவீடு திரும்ப வரும். இந்தப் பட்டைதான் லேன். பட்டைக்குள் எங்கே என்று கருவி சொல்லும்; எத்தனையாவது பட்டை என்று சொல்லாது. அதனால் துறைமுகத்திலேயே லேன் எண்ணைப் பொருத்திவிட்டு, கடப்பதை விடாமல் எண்ண வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கணக்கும் போய்விடும். அப்போது 13.6 கிலோஹெர்ட்ஸ் அலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்: வித்தியாசம் 3.4, லேன் 44 கி.மீ. அகலமாகும். 11.33 கிலோஹெர்ட்ஸை 10.2 உடன் ஒப்பிட்டால் 132 கி.மீ.

வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம்தான் பெரிய தொல்லை. அலையைத் திருப்பும் உயரம் பகலில் ஏறக்குறைய 70 கி.மீ., இரவில் 90 கி.மீ.; கட்டமும் அதோடு நகரும். இதற்கு அச்சிட்ட திருத்த அட்டவணைகள் இருந்தன. ஆனால் சூரியத் தீப்பிழம்பு எந்த அட்டவணைக்கும் கட்டுப்படாது. அலைப்பாதையில் விடியலோ அந்தியோ குறுக்கிடும் வேளையில் அந்த நிலைய இணையைத் தவிர்ப்பதே நல்லதாக இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தாலும் பிழை 2 முதல் 4 கடல் மைல். ஜிபிஎஸ் வந்தபின், 1997 செப்டம்பர் 30 அன்று ஒமேகா நிறுத்தப்பட்டது.