கடல்மீன் தொட்டிக்கு எந்த மணல், எவ்வளவு மணல்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடிமணலைப் பற்றியவை. தொட்டியின் நீளம், அகலம், உயரம், எந்தத் தண்ணீர், என்னென்ன மீன்கள் என்று எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று போன முறையும் சொன்னேன். இந்த முறையும் சொல்கிறேன்.

என்னிடம் 3 அடி தொட்டி இருக்கிறது. எத்தனை கிலோ மணல் வாங்க வேண்டும்? (திருப்பூர்)

அகலத்தைக் காணோம். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்கிறேன். 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் 12 லிட்டர் மணல் பிடிக்கும், எடையில் 18 கிலோ சொச்சம். 20 கிலோ மூட்டை ஒன்று போதும். ஒன்று, 2 முதல் 5 செ.மீ.க்குள் வைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருங்கள். இல்லையென்றால் 10 செ.மீ.க்கு மேல் போட்டுவிட்டுத் தொடாமல் விடுங்கள். ரெண்டுங்கெட்டானாக 7, 8 செ.மீ. வைப்பவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

மெரினாவில் இருந்து மணல் அள்ளி வந்து கழுவிப் போடலாமா? அதுவும் கடல் மணல்தானே? (சென்னை)

வேண்டாம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிகா மணல். கூடவே இல்மனைட், கார்னெட் போன்ற கருமணலும் கலந்திருக்கும். ஒரு காந்தத்தை அந்த மணலில் புரட்டிப் பாருங்கள், எவ்வளவு ஒட்டுகிறது என்று தெரியும். கூவமும் அடையாறும் வந்து கலக்கும் கரை என்பதையும் மறக்க வேண்டாம்.

அரகோனைட் என்ற சுண்ணாம்புச் சத்து மணல் போட்டால் பி.எச். தானாக 8.3இல் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா? (கோவை)

இல்லை. பி.எச். 8க்கு மேல் இருக்கும் தண்ணீரில் அரகோனைட் கரையாது. 7.7, 7.6 என்று இறங்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும். அந்த அளவுக்கு இறங்கிய தொட்டியில் பவளங்கள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். பி.எச்.சைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீரின் காரத்தன்மை, வாரம் ஒருமுறை அதை டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். தாங்கிப் பிடிக்கும் வேலையை மணல் செய்யாது.

தொட்டி வைத்து 3 வாரம் ஆகிறது. மணல் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. மொத்தத்தையும் எடுத்துவிட்டு வேறு போடலாமா? (மதுரை)

போடாதீர்கள். அது டயட்டம் பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், சில வாரங்களில் போய்விடும். போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுகிறீர்கள் என்றால் அதில் இருக்கும் சிலிகா அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

காய்ந்த பவளக் கல்லும் உடைத்த பவளத் துண்டும் கொளத்தூரில் ஒருவர் மலிவாகத் தருகிறார். செத்துப்போன பவளம்தானே, வாங்கினால் தப்பில்லையே? (சென்னை)

தப்புதான். இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது, வாங்கிவிட்டுக் கேட்பவர்களே அதிகம்.

பவளப்பாறைகளைக் கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அந்தப் பவளத் துண்டுக்கும் ஒரே அட்டவணை. உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை.

சட்டத்தை விடுங்கள், கடலை நினையுங்கள். மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் என்று பல ஆண்டுகள் சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கிய பாறை போனதும் அலை நேராகத் தீவின்மேல் வந்து அடித்தது, மண் கரைந்தது. செத்த பவளத்துக்கும் அங்கே வேலை உண்டு. புதுப் பவளத்தின் குஞ்சுகள் ஒட்டி வளர்வது அதன்மேல்தான். மீன் குஞ்சுகள் ஒளிவதும் அதன் இடுக்கில்தான். கடலை வீட்டுக்குள் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தொட்டி வைக்கும் நாம், அந்தக் கடலையே பெயர்த்து வந்து கண்ணாடிக்குள் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. பையில் அடைத்து வரும் ஊலைட் மணல் பஹாமா பக்கத்துக் கடலில் சுண்ணாம்புச் சத்து உருண்டு திரண்டு உருவாவது, யாரும் பவளத்தை உடைத்துச் செய்வதில்லை. கல்லுக்குப் பதில் செராமிக் கல்லோ, சிமென்டில் வார்த்த கல்லோ வாங்குங்கள். ஆறு மாதத்தில் பாசி ஏறியபின் வித்தியாசம் தெரியாது. விலை கூடுதல்தான். அது கட்டுப்படியாகாதவர்கள் அடியில் ஒன்றுமே போடாமல் வெறும் கண்ணாடியாக விடலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கண்ணாடி ஓரத்தில் மணலுக்குள் கறுப்புத் திட்டுகள். லேசாகக் கிளறினேன், அழுகிய முட்டை நாற்றம். நன்றாகக் கிளறிவிடட்டுமா? (புதுச்சேரி)

கையை எடுங்கள்! ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடு அது. ஒரேயடியாகக் கிளறினால் மொத்த மீனும் போய்விடலாம். வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது மணலில் கால்வாசி இடத்தை மட்டும் சைஃபன் வைத்து உறிஞ்சுங்கள், அடுத்த வாரம் அடுத்த கால்வாசி. நாசேரியஸ் நத்தைகள் பத்துப் பதினைந்து விடுங்கள், மேல்மணலை அவை புரட்டிக்கொண்டே இருக்கும். மணல் நட்சத்திர மீனை யாராவது சிபாரிசு செய்தால் வாங்காதீர்கள். சின்னத் தொட்டியில் இருக்கும் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டு, அது பட்டினியில் சாகும்.

நேற்று விட்ட ராஸ் மீனைக் காணவில்லை. (திருச்சி)

மணலுக்குள் தூங்குகிறது. இரண்டு மூன்று நாள் பொறுங்கள். தேடுகிறேன் என்று கிளறாதீர்கள்.

வீடு மாறுகிறோம். பழைய மணலை அப்படியே புதுத் தொட்டிக்குக் கொண்டுபோகலாமா? (ஈரோடு)

அப்படியே கூடாது. அடியில் தங்கிய அழுக்கு கலங்கினால் அம்மோனியா ஏறும். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். அலசுவதற்கு முன்பே மேல்மணலில் இரண்டு கை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே வைத்திருந்து, கடைசியில் மேலே தூவிவிடுங்கள். மணலைப் போடும்போது அலை எழுப்பும் மோட்டாரான வேவ்மேக்கரை நிறுத்திவைத்து, ஒரு பி.வி.சி. குழாய் வழியாக அடிவரை இறக்குங்கள். ஒன்றிரண்டு நாள் கலங்கலாக இருக்கும். தெளிந்து, அம்மோனியா பூஜ்யம் என்று கிட் காட்டிய பிறகே மீனை விடுங்கள்.